கம்பியும் குழாயும்

தரமணி அலுவலகத்தில் எங்கள் இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தபோது எங்களுக்கு ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை. நான் மின்தடம் பார்ப்பவள். காற்றாலைகளில் உண்டாகும் மின்சாரத்தை எந்த ஊர் வழியாக, எவ்வளவு பெரிய கம்பியில், எந்தத் துணை மின்நிலையத்துக்குக் கொண்டுவருவது என்று கணக்குப் போடுவது என் வேலை. அவர் குழாய் பார்ப்பவர். எண்ணெய்க் குழாய், எரிவாயுக் குழாய் என்று பல வருடம் பார்த்துவிட்டு ஹைட்ரஜனுக்கு வந்திருந்தார். அறைக்குள் வந்ததும் முதல் வேலையாக ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தார். என்னிடம் கேட்கவில்லை.

எங்களிடம் கொடுக்கப்பட்ட கேள்வி சொல்வதற்கு எளிது. காற்று வீசுவது தெற்கே. ஹைட்ரஜன் வேண்டியிருப்பது வடசென்னையைத் தாண்டியுள்ள தொழிற்சாலைகளுக்கு. தெற்கிலிருந்து மின்சாரத்தைக் கம்பியில் கொண்டுவந்து, இங்கே தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாம். அல்லது அங்கேயே எடுத்துக் குழாயில் தள்ளிவிடலாம். கம்பிக்காரர்கள் தனியாகத் திட்டம் போட்டால் எல்லாவற்றுக்கும் கம்பிதான் என்பார்கள். குழாய்க்காரர்கள் குழாய் என்பார்கள். இரண்டையும் போட்டால் ஒன்று சும்மா கிடக்கும். அல்லது அவன் போடுவான் என்று இவனும் இவன் போடுவான் என்று அவனும் இருந்துவிட, கடைசியில் எதுவுமே இருக்காது. அதனால்தான் சேர்ந்து உட்காருங்கள் என்றார்கள்.

அவருடைய நீலக் கோடு என் சிவப்புக் கோட்டை வரைபடத்தில் எங்கெல்லாம் வெட்டியதோ அங்கெல்லாம் சண்டை போட்டோம். மதியச் சாப்பாட்டைத் தனித்தனி மேசையில் சாப்பிட்டோம். ஆனால் இரண்டு பேரும் ரயில் ஏறும் ஸ்டேஷன் மந்தைவெளி. அவர் வீடு அங்கேயே, ஸ்டேஷனுக்குப் பின்தெருவில். நான் அபிராமபுரத்திலிருந்து நடந்து வருவேன். ஒரே பெட்டியில் தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியாது அல்லவா. கோட்டூர்புரம் தாண்டும்போது ஆற்றைப் பார்த்து ஏதாவது சொல்வார். நானும் ஏதாவது சொல்வேன். அப்படித்தான் தொடங்கியது.

அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்கு ஒரு கூட்டத்தின் நடுவில்தான் தெரிந்தது. போனைப் பார்த்தவர் சட்டென்று எழுந்து போய்விட்டார். மறுநாள் ரயிலில் சொன்னார். நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டே போகும் நோய். குணமாகாது. நாள் முழுவதும் ஆக்சிஜன் வேண்டும்.

"ஒரு நாள் வீட்டுக்கு வாங்க மேடம். அவளுக்கு ஆள் வந்தா பிடிக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மூன்றாவது மாடி. கூடத்தின் நடுவில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அறையின் காற்றையே இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. அதிலிருந்து நீளமான மெல்லிய குழாய் ஒன்று தரையில் வளைந்து வளைந்து சமையலறைக்குள் போனது. அதன் மறுமுனையில் அவர் மனைவி மின் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். வங்கியில் வேலை பார்த்து, முடியாமல் விட்டவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், மெலிந்த தேகம். மூக்கில் குழாயோடு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்கம்மா. நீங்கதானா அந்தக் கம்பிக்காரங்க? வீட்டுக்கு வந்தா உங்களப் பத்தித்தான் புலம்புதாக."

"அவர் அலுவலகத்துல என்னையும் அப்படித்தான் புலம்ப விடறார்" என்றேன்.

"ரெண்டு பேருமாச் சேந்து காத்தையெல்லாம் குழாயில அடைக்கப் பாக்குதீங்க. எனக்கு மட்டுந்தான் காத்து பத்தமாட்டேங்கு."

அவர் சங்கடப்பட்டார். மனைவி சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் தோசைக் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

பிறகு அவர் எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். மெஷினை எங்கே வைத்தால் குழாய் சமையலறைக்கும் எட்டும், பால்கனிக்கும் எட்டும், குளியலறைக்கும் எட்டும் என்று பல இடத்தில் வைத்துப் பார்த்துக் கடைசியில் அந்த இடத்தை முடிவு செய்திருந்தார். வாசற்கதவுக்கு மட்டும் எட்டாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர். அதுவும் நின்றால் கீழே கார் நிறுத்துமிடத்தில் அப்பார்ட்மென்ட்டின் ஜெனரேட்டர். எல்லாம் போனாலும் சுவரோரமாக ஆளுயரச் சிலிண்டர். சிலிண்டர் தீர்ந்தால் போன் செய்தவுடன் நிரப்பிய சிலிண்டரைக் கொண்டுவரும் ஏஜென்சி. நானும் அந்த மாதிரி வேலையையே செய்பவள். ஒவ்வொன்றாகக் கேட்டேன். எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நல்ல ஏற்பாடு என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அடிக்கடி போனேன். அந்த அக்காவோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பேன். அவருக்கு விளையாட்டைவிட அம்பயர்களைத் திட்டுவதில்தான் விருப்பம். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக மந்தைவெளி ஸ்டாண்டிலிருந்து ஒரு ஆட்டோக்காரர் வருவார். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்த வீடுகளைக் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பியபோது அவருடைய குடும்பமும் போய்விட்டது. பிழைப்பு மட்டும் இங்கே. அக்காவை "யக்கா" என்றுதான் கூப்பிடுவார். படியில் அவரைப் பிடித்து இறக்கும்போது, "மெதுவா வா யக்கா, இன்னா அவசரம், நம்ம வண்டி எங்கயும் ஓடிப் பூடாது" என்பார்.

அந்த வருடம் கார்த்திகையில் புயல் வந்தது. முந்தின நாள் முழுவதும் விடாமல் மழை. விடிந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. கரண்ட் இல்லை. காலையில் அவர் போன் செய்தார். குரலில் பதற்றம் இல்லை.

"மேடம், ராத்திரியே கரண்ட் போயிருச்சு. ஜெனரேட்டர் தண்ணிக்குள்ள போயிருச்சு. இன்வெர்ட்டர் நின்னுருச்சு. சிலிண்டர்ல ஓடிக்கிட்டு இருக்கு. கரண்ட் ஆபீஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு சொல்வீங்கல்லா?"

நான் கிளம்பினேன். சாதாரணமாகச் சிறிது தூரம்தான். அன்று எங்கே பள்ளம், எங்கே சாக்கடை மூடி என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அவர்கள் தெருவில் தண்ணீர் இடுப்புவரை இருந்தது. படியேறிப் போனபோது அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மெஷின் சத்தம் இல்லாத அந்தக் கூடத்தில் அவர் மூச்சு இழுப்பது கேட்டது. நீடிக்க வேண்டும் என்பதற்காகச் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் வரும் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள்.

என்னோடு கல்லூரியில் படித்த ஒருவர் அந்தப் பகுதியின் மின்சார அலுவலகத்தில் பொறுப்பில் இருந்தார். பல முறை முயன்ற பிறகு கிடைத்தார். நிலைமையைச் சொன்னேன். இந்த ஒரு தெருவுக்கு மட்டும் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

 "அந்தத் தெருவுக்கு கரண்ட் பிரிக்கற பில்லர் பாக்ஸே முங்கியிருக்கு. ஜனங்க தண்ணியில நடந்துக்கிட்டு இருக்காங்க. நான் இப்ப ஆன் பண்ணா யாராவது அடிபட்டுச் செத்துடுவாங்க. உனக்குத் தெரியாததா? நீ சொல்லு, ஆன் பண்ணட்டா?" என்றார்.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். ஒரு பெண் தலையில் மூட்டையோடு, கையில் குழந்தையோடு போய்க்கொண்டிருந்தாள். பின்னால் இரண்டு பேர் ஒரு வயதானவரைத் தாங்கிக்கொண்டு போனார்கள்.

"வேண்டாம்" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"குடுக்கக் கூடாது மேடம். நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன்."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். சரி என்பது போல இருந்தது.

சிலிண்டர் ஏஜென்சி காலையிலேயே வருகிறோம் என்று சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் இருவரும் காத்திருந்தார்கள். நான் மறுபடி கூப்பிட்டேன். எடுத்தவர் அழாத குறையாகப் பேசினார். வண்டி இருக்கிறது, ஆள் இருக்கிறார், சுற்றுவழியில் எப்படியும் வந்துவிடலாம். ஆனால் நிரப்பிய சிலிண்டர் ஒன்றுகூட இல்லை. நிரப்பும் இடத்தில் கரண்ட் இல்லை. அங்கே கம்ப்ரசர் ஓடினால்தானே சிலிண்டரில் அடைக்க முடியும்.

அதைச் சொன்னபோது அக்காவின் கணவர் முகத்தில் வந்ததை நான் பயம் என்று சொல்ல மாட்டேன். ஒரு கணக்கில் தப்பைக் கண்டுபிடித்துவிட்ட மனிதனின் முகம். சிலிண்டரில் அளவு காட்டும் முள்ளைக் குனிந்து பார்த்தார்.

"இருக்கறத வச்சுக் கெளம்பிரலாம்" என்றார்.

அதற்குள் ஆட்டோக்காரர் தானாகவே வந்து சேர்ந்தார். தண்ணீரால் முந்தின நாளிலிருந்து வீட்டுக்குத் திரும்ப முடியாமல் ஸ்டேஷன் படிக்கட்டில் படுத்திருந்தாராம். "யக்கா ஞாபகம் வந்துச்சு. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். நிலைமையைப் பார்த்ததும் கீழே போய் எங்கிருந்தோ தண்ணீர் கேன் போடும் மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் அக்காவை உட்கார வைத்துத் துப்பட்டாவால் கட்டினேன். முன்னால் ஆட்டோக்காரர், பின்னால் அவர். எதிர் ஃபிளாட்டுக்காரர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டார். நான் குழாய் எங்கும் மாட்டிக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

"சார், நீ அந்தாண்ட காலப் புடி. சாய்க்காத. யக்கா, கெட்டியா புட்ச்சிக்கோ. அவ்ளோதான், இன்னும் ஒரு வளைவுதான் கீது."

வண்டியைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு மேடான பக்கம் போனோம். மழை விட்டிருந்தது, காற்று மட்டும் அடித்தது. அத்தனை காற்று. அக்காவின் உதடுகள் நீலம் பாரித்துக்கொண்டு வந்தன. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிய இடத்தில், கிளம்பும்போதே போன் செய்து வரச் சொல்லியிருந்த ஆம்புலன்ஸ் நின்றது. அதில் ஏற்றும்போது ஏதோ சொல்ல வந்தார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ஃப்ரிட்ஜுல மாவு இருக்கு. புளிச்சிருக்கும். கொட்டிருங்க."

நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு அதுதான். ஆஸ்பத்திரியில் செயற்கைச் சுவாசம் வைத்தார்கள். சில நாள் அப்படியே இருந்தார். வெயில் வந்து, தெருவெல்லாம் காய்ந்து, கடைகள் திறந்து, எல்லோரும் நனைந்த மெத்தைகளைக் கொண்டுவந்து ரோட்டோரம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பகலில் இறந்துபோனார். மந்தைவெளிக்கு அதற்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வருவதற்குமுன் வீட்டை ஒழுங்குபடுத்தப் போனேன். உள்ளே நுழைந்தபோது யாரும் நிறுத்தி வைக்காத அந்த மெஷின் கூடத்தின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து மாவைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

காரியம் முடிந்து அவர் அலுவலகத்துக்குத் திரும்பினார். வந்த முதல் நாளே எங்கள் இருவர் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய தாளையும் என்னுடைய தாளையும் அருகருகே வைத்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு போனார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், காத்து இல்லாத நாளுக்கு நீங்க என்ன போட்டிருக்கீங்க?"

"சேமிச்சு வச்ச ஹைட்ரஜன எரிச்சு கரண்ட் எடுக்கறோம். உங்க கணக்குல இருந்து எடுத்த அளவுதான்."

"அந்த ஹைட்ரஜன் கிடங்குல இருந்து பவர் பிளான்ட்டுக்குக் குழாயில வரணும். வரணும்னா வழியில கம்ப்ரசர் ஓடணும். கம்ப்ரசருக்கு கரண்ட் எப்பவும் இருக்கும்னு நான் போட்டிருக்கேன். அது உங்க கணக்குல இருந்து எடுத்தது."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"புயல் வந்தா காத்தாலைய நிறுத்திருவாங்க. லைன் விழும். அன்னிக்கு உங்களுக்கு நான் குடுப்பேன்னு நீங்க இருக்கீங்க. எனக்கு நீங்க குடுப்பீங்கன்னு நான் இருக்கேன். ஒரே ரூம்ல உக்காந்து இதச் செஞ்சிருக்கோம்."

சத்தமாகச் சொல்லவில்லை. அந்த நிதானத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த சில வாரங்கள் இரண்டு கணக்கையும் ஒன்றாக இணைத்து மறுபடி ஓட்டினோம். கடலோரத்தில் ஒரு பெரிய புயல் என்று வைத்துப் பார்த்தால் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. ஒன்று விழுந்த பிறகு மற்றதைத் தூக்கிவிட ஆள் இல்லை. வழியும் கண்டுபிடித்தோம். கம்ப்ரசர்களுக்குக் கடலோரத்தை விட்டுத் தள்ளி, மேற்கே இருக்கும் வேறொரு துணை மின்நிலையத்திலிருந்து தனி இணைப்பு. சேமிப்புக் கிடங்கின் ஒரு பகுதியை மின் உற்பத்தி நிலையத்தின் வாசலிலேயே வைத்துவிடுவது. செலவு கூடும், திட்டம் தள்ளிப்போகும். ஆனால் நிற்கும்.

எங்கள் பிரிவுத் தலைவர் கெட்டவர் அல்ல. அக்காவின் சாவுக்கு முதல் ஆளாக வந்து கடைசிவரை நின்றவர். நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "அவர் இன்னும் கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கலாமே" என்றார்.

"கணக்கு சரியா தப்பா, அதைச் சொல்லுங்க சார்."

"கணக்கு சரிதான். ஆனா எதனால இதைப் பாக்கறார்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"எதனால பாத்தா என்ன சார்?"



அறிக்கையைப் பரிசீலிக்கும் குழுவின் முன்னால் அக்காவின் கணவரே நின்று விளக்கினார். படங்கள் தெளிவாக இருந்தன. குரல் நடுங்கவில்லை. முடித்ததும் குழுவில் மூத்தவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்க வீட்ல நடந்தத கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு. இந்த மாதிரி நேரத்துல மனசு எங்க பாத்தாலும் ஆபத்தத்தான் பாக்கும்."

"சார், நான் சொன்னது கணக்கு" என்றார் இவர்.

"இல்லன்னு சொல்லல. உங்க மனநிலையும் எங்களுக்குப் புரியுது."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். "சார், இது என்னோட கணக்கும்தான். எங்க வீட்ல யாரும் சாகல" என்றேன்.

  பக்கத்தில் அவர் தலை குனிந்தபடி நின்றார். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் நினைத்துப் பார்ப்பது உண்டு. சொன்னதால் ஒன்றும் மாறவில்லை. எங்கள் இணைந்த கணக்கு அறிக்கையின் பின்னிணைப்பில் ஒரு பத்தியாகச் சுருங்கியது. எதிர்காலத்தில் ஆராய வேண்டியவை என்ற தலைப்பின் கீழ் போட்டார்கள். ஆனால் அறிக்கையின் முகப்பில் கம்பியும் குழாயும் கைகோத்துத் திட்டமிடப்பட்டதைப் பாராட்டி ஒரு முழுப் பக்கம் இருந்தது.

அவர் வேலையை விட்டார். மந்தைவெளி வீட்டையும் காலி செய்துவிட்டு, தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனார். தெற்கேயிருந்து வந்து அண்ணன் கட்டி எழுப்பிய கடை. மேல்மாடியில் பித்தளை விளக்குகள் வைத்திருக்கும் பகுதியை இவர் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஏறிப் பார்த்தேன். கூட்டத்தில் என்னைக் கண்டுகொண்டு வந்தார். இளைத்திருந்தார். ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"வேலை ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார்.

"தெக்க குழி வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க. குழாய்க்கு முதல் துண்டு."

"கம்ப்ரசருக்கு?"

"கடலோர லைன்ல இருந்துதான். ஒரே இணைப்பு."

 ஒரு குடும்பம் குத்துவிளக்கு கேட்டு வந்தது. அவர் எழுந்து போய் இரண்டு மூன்று எடுத்துக் காட்டினார். எது கனம், எது தேய்த்தால் கறுக்காது என்று பொறுமையாகச் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, "நீங்க இன்னும் அதப் பத்தி எழுதிக் குடுத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்றார்.

"ஒவ்வொரு கூட்டத்துக்கும் குடுக்கறேன். அடுத்த கூட்டத்துல பாக்கலாம்னு எடுத்து வைக்கறாங்க."

"அந்த ரூம்ல இப்ப யாரு?"

"என்கூட யாரும் இல்ல. நடுவுல தடுப்பு போட்டுட்டாங்க. குழாய்க்காரங்க வேற மாடி."

அவர் காபி வரவழைத்தார். இருவரும் குடித்தோம். கிளம்பும்போது மாடிப்படிவரை கூடவே வந்தார்.

"வானிலை அறிக்கை பாத்தீங்களா மேடம்? தெக்க ஒண்ணு உருவாகுதாம்" என்றார்.

பார்த்தேன் என்றேன். படியில் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஒதுங்கி வழிவிட்டு, நான் கீழே இறங்கினேன்.